கவிழ்த்து வைத்த பாண்டு

சைக்கிள் பாதை கட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து கிளம்பும்போது பின்பக்கமாக நடந்துகொண்டே, இரும்புப் பல் வைத்த ரேக்கால் தங்கள் கால் தடத்தைத் தாங்களே அழித்துக்கொண்டு போவார்கள். கட்டினவன் கால் தடம் தெரிந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தமாம். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் வளவன் இதைச் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"திருடப் போறவன்தாங்க தடத்த அழிப்பான்" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்தது. பழக்கத்தை மட்டும் விடவில்லை.

ஊரே அண்ணாமலையைச் சுற்றுகிறது. என் வீட்டுக்காரர் மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீழ்பென்னாத்தூர் பக்கம் இருக்கிற ஒரு பேர் தெரியாத குன்றுக்குப் போனார். சாமி மலையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. அந்தக் குன்றில் முள்ளும் பாறையும் தவிர ஒன்றும் கிடையாது. கேட்க வேண்டியவர்களிடம் கேட்டுக்கொண்டு, அவரும் அவருடைய சிநேகிதன் வேணுவும் இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து, மலைச் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி அதில் ஒற்றையடிப் பாதை வெட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேலை. சம்பளம் கிடையாது, டீ கூட அவரவர் கைக்காசு. மழை வந்தால் தண்ணீர் பாதையை அறுத்துக்கொண்டு போகும், திரும்பக் கட்டுவார்கள். அடுத்த மழை அறுக்கும், திரும்பவும் கட்டுவார்கள். சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் பையன்கள் வந்து சர் சர்ரென்று இறங்கி, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கட்டினது யார் என்று ஒருத்தனும் கேட்டதில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி, பிறந்த வீட்டிலேயே மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். வாரம் முழுக்க வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவளுக்கும் அந்த ஒரு நாள்தானே லீவு? மனுஷன் விடியற்காலை போய், மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டி, தலையிலிருந்து கால் வரைக்கும் செம்மண்ணாக வந்து நிற்பார். பாத்ரூம் தரையைக் கழுவிக் கழுவி என் கை ஓய்ந்துபோகும்.

"அந்தக் குன்றுக்கே தாலி கட்டியிருக்கலாமே நீங்க" என்பேன்.

"அது சமைக்காதே வேதா" என்பார்.

இப்படிச் சண்டை போட்டுக்கொண்டேதான் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். பிள்ளை இல்லை. இருவருக்கும் அந்தக் குறை உண்டு, அதைப் பற்றிப் பேசுவதைக் கம்மி பண்ணிக்கொண்டோம்.

மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அவர் செத்துப்போனார். தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷினுக்கு சர்வீஸ் பார்ப்பதுதான் அவர் தொழில். அடி அண்ணாமலையில் ஒரு வீட்டுச் சமையலறையில் பில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாராம். அந்த அம்மா கொண்டுவந்து கொடுப்பதற்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். முப்பத்தாறு வயதுக்காரருக்கு அது எப்படி வரும் என்று நான் டாக்டரிடம் சண்டை போட்டேன். அவர் பாவம், தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு ஒரு நாள், "அண்ணனோட மம்முட்டி அங்கயே கெடக்குது அண்ணி, எடுத்தாந்து குடுத்துடட்டா?" என்று வேணு கேட்டான். நானும் வருகிறேன் என்றேன். அதுவரை அந்தக் குன்றை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. என் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் தின்ற இடம் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது.

பாதி உயரத்தில், ஒரு பெரிய பாறையை ஒட்டிப் பாதை திரும்புகிறது. வேகமாக வருகிற சைக்கிள் வெளியே பாய்ந்துவிடாமல் இருக்க, வளைவின் வெளிப்பக்கம் ஏரி மண் கொண்டுவந்து சாய்வாக மேடு கட்டியிருந்தார்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை செய்த இடம் அது. "தண்ணி தீந்துபோச்சு அண்ணி, அடுத்த வாரம் வந்து முடிச்சுக்கலாம்னாரு" என்று சொல்லிவிட்டு வேணு மேலே கிடந்த மண்வெட்டியை எடுக்கப் போனான்.

நான் குனிந்து பார்த்தேன். மேட்டின் ஓரத்தில், காய்ந்து இறுகிய களிமண்ணில், ஒரு வலது கால் தடம். பெருவிரலுக்கு அடுத்த விரல் பெருவிரல்மேல் ஏறிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் முறிந்து கோணலாக ஒட்டிக்கொண்ட விரல். உலகத்தில் வேறு யாருக்கும் அந்தக் கால் கிடையாது. களிமண் செருப்பில் அப்பும் என்று வெறுங்காலோடு வேலை செய்வார், எனக்குத் தெரியும்.

கையை உள்ளே வைத்தேன். குதிகால் பள்ளத்தில் என் உள்ளங்கை சரியாக உட்கார்ந்தது. உடம்பை எரித்தாகிவிட்டது, சாம்பலைக் கரைத்தாகிவிட்டது. போனில் நூறு படம் இருக்கிறது, தொட்டால் கண்ணாடிதான். கை வைத்தால் உள்ளே போகிற மாதிரி அவருடையது என்று எனக்கு மிச்சம் இருந்தது இந்த ஒரு இடம்தான்.

வேணுவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஊரைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஒரு கால் தடத்தைக் காட்டினால் போதும், மறுவாரம் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் கொளுத்தி, பக்கத்தில் உண்டியலும் வைத்துவிடுவார்கள். எனக்கு அவர் சாமியாக வேண்டாம், என் வீட்டுக்காரராகவே இருந்தால் போதும்.

அதன் பிறகு வாரம் ஒரு நாள், கடையில் சீக்கிரம் சொல்லிக்கொண்டு ஸ்கூட்டியில் போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போக மாட்டேன், அன்றைக்கு அவர்கள் இருப்பார்கள். சித்திரையில் ஒரு நாள் வானம் இருட்டிக்கொண்டு வந்ததும் எனக்கு உயிரே இல்லை. பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் ஓடிப்போய், மண் சுமக்கிற இரும்புப் பாண்டு பழசு ஒன்று கேட்டேன்.

"இன்னாத்துக்கும்மா?"

"செடி வெக்க."

அதைக் கொண்டுபோய்த் தடத்தின் மேல் கவிழ்த்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் கல்லை எடுத்து, பாண்டை நிமிர்த்தி, கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கதை சொல்வேன். உங்கள் போனுக்கு இன்னும் கூப்பிடுகிறார்கள், தண்ணீர் உப்புக் கரிக்கிறதாம் என்று சொல்வேன். பாத்ரூம் தரை இப்போதெல்லாம் வெள்ளையாக இருக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை என்று ஒரு நாள் சொல்லி அழுதேன்.

கோடை மழையைப் பாண்டு தாங்கும். ஐப்பசி மழையைத் தாங்காது. அடியிலிருந்து ஊறி மேடே கரைந்துவிடும். அந்தத் துண்டு மண்ணை அப்படியே பெயர்த்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அது என் கையால் ஆகிற காரியம் இல்லை. மண் எங்கே வெட்டினால் உடையாது என்று வேணுவுக்குத்தான் தெரியும். அவனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டிருந்தபோதுதான் அவனே போன் பண்ணினான்.

"அண்ணி, வர்ற ஞாயித்துக்கெழமை அண்ணன் பொறந்தநாளு. நீங்க வந்தே ஆவணும். பூஜாவையும் இட்டாரேன்."

"இன்னா விசேஷம்?"

"வந்து பாருங்களேன்."

எங்கள் வீட்டில் மெஷின் வந்த அட்டைப் பெட்டிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன, உள்ளே தெர்மாகோலோடு. அதில் நல்லதாக ஒன்று எடுத்து, பழைய பெட்ஷீட் ஒன்றையும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். தடத்தைச் சுற்றி எடுத்துவர.

குன்றடியில் வேணுவின் மனைவி பூஜா காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழாவது மாதம். மேடு ஏற வேண்டாம் என்றால் கேட்கவில்லை. பெட்டியை ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் அவளும் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினோம். எதற்குப் பெட்டி என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

பாறை வளைவில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் பெயர் எழுதிய சின்னப் பலகை ஒன்று நட்டிருந்தது. பாதை புதிதாக இருந்தது. மண்மேடு முழுக்க ஈரமாக, வழவழவென்று, மெழுகிய தரையாக இருந்தது. நான் ஓரத்தைப் பார்த்தேன். ஓரம் என்று தனியாக ஒன்றும் இல்லை. என் பாண்டு கொஞ்சம் தள்ளி, மற்ற பாண்டுகளோடு சேர்ந்து, ஈர மண்ணோடு நிமிர்ந்து கிடந்தது.

வேணு ஓடி வந்தான். கையெல்லாம் களிமண். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அண்ணன் விட்டுட்டுப் போன வேல அண்ணி, இத்தினி நாளா யாருக்கும் இங்க கை வெக்க மனசு வரல. மூணு வாரமா ஏரி மண்ணு சொமந்து கீழ சேத்து வெச்சு, நேத்தும் இன்னிக்குமா மேல கொண்டாந்து, மழைக்கு முன்னாடி முடிச்சுட்டோம். அண்ணி, ஒண்ணு தெரியுமா? அவரோட கால் தடம்கூட அப்படியே இருந்துச்சு. யாரோ பாண்ட கவுத்து வெச்சுட்டுப் போயிருந்தாங்க, எடுத்துப் பாத்தா அண்ணன் காலு. அந்தக் கோண வெரலு. யாரையும் தொட உடல நானு. அண்ணன் இருந்தா திட்டுவாரு இல்ல, தடம் தெரியுதே வேல முடியலயேடான்னு? நானே தண்ணி ஊத்தி, என் கையாலயே தடவி மூடுனேன். அழுதுட்டேன் அண்ணி."

எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அவனைக் கட்டிக்கொண்டு கதற வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் எதையும் செய்ய முடியாமல் நின்றேன். வாய் மட்டும், "நல்லா இருக்குது வேணு" என்றது. என் கோபம் எங்கே போனதோ. வேண்டாத இடத்திலெல்லாம் வரும், வேண்டிய அன்றைக்குக் கைவிட்டுவிட்டது.

பாறையில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொருவராகச் சைக்கிளில் வந்து அந்த வளைவில் சாய்ந்து திரும்பிக் கீழே போனார்கள். பூஜா எனக்கு கேசரி எடுத்துக்கொடுத்தாள். சாப்பிட்டேன். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை, இப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தேன்.

சக்கரத் தடங்களைச் சரிபண்ண வேணு வெறுங்காலோடு மேட்டில் ஏறினான். தட்டிச் சரிபண்ணிவிட்டு, ரேக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்பக்கமாக ஒரு அடி வைத்தான். அவன் முன்னால் ஈரக் களிமண்ணில் அவனுடைய கால் தடம், ஐந்து விரலும் தெளிவாக. ரேக்கை அதன்மேல் வைத்தான்.

"தொடாத!"

நான் கத்தின கத்தலில் அவன் நடுங்கிப்போனான்.

"இன்னா அண்ணி?"

"அத அழிக்காத."

"வேல முடிஞ்சா அழிக்கணுமே அண்ணி. அண்ணன் சொன்னதுதானே?"

"பூஜாவுக்கு இருக்கட்டும்."

அவனுக்கு விளங்கவில்லை. பூஜாவுக்கு விளங்கியது. என் மடியில் இருந்த காலிப் பெட்டியைப் பார்த்தாள், மடித்து வைத்த பெட்ஷீட்டைப் பார்த்தாள், தள்ளிக் கிடந்த பாண்டைப் பார்த்தாள். "ஐயோ அக்கா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். வேணு அவள் பார்த்த பக்கமெல்லாம் பார்த்தான். ரேக் கையிலிருந்து விழுந்தது.

"அந்தப் பாண்டு நீங்களா அண்ணி?"

நான் தலையை ஆட்டினேன்.

அவன் அப்படியே மண்டி போட்டு, மேட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் பறண்ட ஆரம்பித்தான். "அடியிலதான் இருக்கும் அண்ணி. மேல மண்ணு போட்டதுதான். எடுத்துடலாம், இதோ எடுத்துடலாம்." ஈரமண் பிசைந்த மாவாக வந்தது. மேல் மண்ணும் அடி மண்ணும் ஒன்றாகிவிட்டது அவனுக்குத் தெரியாதா? அவன்தானே பிசைந்தான்? தெரிந்தும் நகக்கண்ணில் ரத்தம் வரப் பறண்டிக்கொண்டிருந்தான்.

போய் அவன் கையைப் பிடித்தேன்.

"விடு வேணு. நல்லா கட்டியிருக்கற, கெடுத்துடாத."

"தெரியாம பண்ணிட்டேன் அண்ணி."

"நீ பண்ணது சரிதான். அவரு இருந்திருந்தா அடுத்த ஞாயித்துக்கெழமையே வந்து அழிச்சிருப்பாரு. எனக்குத்தான் அவரு வேல முடியாமயே இருக்கணும்னு இருந்துச்சு."

சொன்னபிறகுதான் அழுகை வந்தது. அவர் செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

வேணு பறண்டின இடம் பள்ளமாகக் கிடந்தது. அவன் எழுந்திருக்கிற நிலையில் இல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, மண்ணை அள்ளிப் பள்ளத்தில் போட்டு, உள்ளங்கையால் தட்டித் தட்டி மூடினேன். பிறகு ரேக்கை எடுத்தேன். எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவர் வாயால் எத்தனையோ தடவை கேட்டதுதான். பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக வைத்து, என் தடத்தை நானே அழித்துக்கொண்டு இறங்கினேன். வேணுவின் கால் தடம் வந்த இடத்தில் மட்டும் ரேக்கைத் தூக்கிக்கொண்டேன்.