தோழனின் விரல் அளவு

“சிரிக்காதை, சிரிக்காதை! உதடு வெடிக்கப்போகுது!”

“நீ வாயை மூடினால் நான் ஏன் சிரிக்கிறன்?”

“நான் என்னத்தைச் சொல்லிப்போட்டன்? தில்லைநாதன் பெரியப்பா மாப்பிள்ளையின்ரை முதுகிலை தட்டினவர் எண்டன். சந்தையிலை பூசணிக்காயைத் தட்டிப் பாத்து வாங்கிற மாதிரித் தட்டினவர் எண்டன். அவ்வளவுதானே?”

பிரவீணனால் அடக்க முடியவில்லை. சிரிப்பு வந்ததும் கீழுதட்டின் நடுவில் சுரீரென்றது. சின்னதாய் ஓர் இரத்தத் துளி எட்டிப்பார்த்தது. அக்கா கஜந்தினி வசிலினை விரலில் வழித்து, சுவருக்குப் பூச்சடிப்பவள் மாதிரி அவன் உதட்டில் அப்பினாள்.

“என்ரை கலியாணம் முடியுமட்டும் இந்த வீட்டிலை பகிடி விட ஆருக்கும் அனுமதியில்லை” என்றாள்.

“அப்ப முதல் உன்னைத்தான் வீட்டை விட்டுக் கலைக்கவேணும்.”

“அதுக்குத்தானே கலியாணமே செய்து வைக்கிறியள்.”

மறுபடியும் உதடு வெடித்தது.

சிரிப்பு ஆபத்தான காரியமாகிப் போனது தோல் வருத்தத்துக்குக் குளிசை விழுங்கத் தொடங்கிய பிறகுதான். பிரவீணன் பிறக்கும்போதே உடம்பு முழுக்க மெழுகுத்தாள் சுற்றியதுபோல ஒரு படலத்தோடு பிறந்தவன். படலம் போனது, செதில் வந்தது. பழைய தோல் உதிர்ந்து புதியது வருவது எல்லாருக்கும் நடக்கிற சங்கதிதான். அவனுக்கு மட்டும் பழையது போக மனமில்லாமல் புதியதன் மேலேயே குந்திக்கொண்டிருந்தது. வியர்வை வெளியே வர வழியில்லாததால் வெயில் காலத்தில் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள்தான் அவன் குடியிருப்பு. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு விளைமீன் என்று பெயர். தொட்டிக்குள் கழுத்தளவு தண்ணீரில் இருக்கும்போது அந்தப் பெயர் அவனுக்கே பொருத்தமாய்ப் படும்.

இந்த வருடம் தோல் கிளினிக்கில் அசிட்ரெட்டின் என்ற குளிசையை எழுதிக் கொடுத்தார்கள். முதல் மாதம் தோல் உரிந்த உரிப்பில் அம்மா குணலட்சுமி தும்புத்தடியும் கையுமாக, உதிர்ந்ததைக் கூட்டியபடி அவன் பின்னாலேயே திரிந்தாள். உள்ளேயிருந்து வந்த கைகள் இளஞ்சிவப்பாக, மெல்லியதாக, அவனுக்கே அறிமுகமில்லாதவையாக இருந்தன. யாரிடமோ இரவல் வாங்கி வந்தவன்போல அவற்றை மேசைமேல் பக்குவமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான்.

குளிசை சும்மா வரவில்லை. உதடு வெடித்தது, கண் காய்ந்தது, சீப்பில் தலைமயிர் கற்றையாக வந்தது. உள்ளங்கை பிசுபிசுத்து, புத்தகம் வாசித்தால் தாள் விரலோடு எழும்பி வந்தது. “நீ களவெடுக்கக்கூடக் கஷ்டப்படத் தேவையில்லை. தொட்டதெல்லாம் கையோடை வருது” என்றாள் கஜந்தினி.

எல்லாவற்றையும் அவன் பொறுத்துக்கொண்டது ஒரேயொரு காரணத்துக்காக. அக்காவின் கலியாணத்தில் அவன் தோழனாக நிற்கவேண்டும். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்பது பெண்ணின் தம்பிதான். மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். அவன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போவான். நிச்சயார்த்தத்தன்று தில்லைநாதன் பெரியப்பா மெல்லக் கனைத்துவிட்டு, “சனத்துக்கு முன்னாலை பொடியனை ஏன் கரைச்சல்படுத்துவான்? எங்கடை டிலக்‌ஷன் நிக்கட்டுமே” என்று தன் மகனைக் காட்டினார். கஜந்தினி உடனே, “அப்ப பொம்பிளையாயும் ஆரையாவது நிக்கச் சொல்லுங்கோ” என்றாள். அப்பா நமசிவாயம், “மருந்து என்ன செய்யுதெண்டு பாப்பம்” என்று அந்தக் கதையை அப்போதைக்கு நிறுத்தினார்.

மருந்து நன்றாகவே செய்தது. போன மாதம் அச்சுவேலியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாய் அருமைநாயகி அவன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “பிள்ளைக்கு முழுச்சுகமாயிட்டுது! இவனே நிக்கட்டும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். முழுச்சுகம் என்ற சொல் பிரவீணனுக்குக் கொஞ்சம் இடறியது. ஆனாலும் அவன் வாயைத் திறக்கவில்லை.

அதற்கடுத்த கிளினிக்கில் வினிபிரட் டொக்டர் இரத்தச் சோதனை முடிவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“கொழுப்பு ஏறிப்போயிருக்கு. ஈரலும் முறைச்சுக்கொண்டிருக்கு. வீட்டிலை வேறை என்ன குடுக்கிறியள், அம்மா?”

குணலட்சுமி பெருமையோடு சொன்னாள். “விற்றமின் ஏ சேந்த சாமான் எண்டு நீங்கள்தானே சொன்னியள், டொக்டர். மருந்து பாவம், தனிய நிண்டு மாயுதெண்டு கரட், பூசணி, பப்பாசிப்பழம் எல்லாம் குடுக்கிறன். ரொறன்ரோவிலையிருந்து தங்கச்சி அனுப்பின மீன் ஈரல் எண்ணெயும் காலமை பின்னேரம் குடுக்கிறன்.”

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சிரிப்பதா ஏசுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

“கரட்டும் பூசணியும் தின்னட்டும். அந்த எண்ணெய்ப் போத்தலை இண்டைக்கே எறியுங்கோ. குளிசையே அந்த விற்றமினின்ரை பெரிய அண்ணை. ரண்டையும் சேத்துக் குடுத்தால் ஈரல் தாங்காது.” பிறகு பிரவீணன் பக்கம் திரும்பினார். “இனி ஒண்டைவிட்ட ஒருநாள்தான் குளிசை. செதில் கொஞ்சம் திரும்பி வரும், பயப்படாதை. உது சுகப்படுத்திற மருந்தில்லை. அடக்கி வைக்கிற மருந்து.”

“கலியாணம் முடிஞ்ச பிறகு குறைக்கேலாதோ, டொக்டர்?”

“ஈரலுக்கு நாள் நட்சத்திரம் தெரியாது, தம்பி.”

வீட்டுக்கு வந்த பிறகு அவன் பலமுறை குளிசைப் பெட்டியைத் திறந்து மூடினான். கலியாணம் வரைக்கும் தினமும் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கஜந்தினி ஒருநாள் அவனைக் கையும் களவுமாகப் பிடித்தாள். பெட்டியைப் பறித்துத் தன் நகைகளோடு வைத்துப் பூட்டினாள். “இனி இது என்ரை சீதனம். முறைக்கு முறை எண்ணித் தருவன்” என்றாள்.

அவள் சொன்னபடியே தந்தாள். டொக்டர் சொன்னதும் நடந்தது. மணிக்கட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தோன்றியது. பிறகு அது பெருவிரலை நோக்கி மெல்ல நடக்கத் தொடங்கியது. பிரவீணன் வீட்டுக்குள்ளும் நீளக் கைச்சட்டை போட்டுக்கொண்டு திரிந்தான்.

சனிக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளை கீர்த்திகன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். அச்சுவேலியில் சீமெந்துக்கல்லை அச்சிலிட்டு அரிந்து விற்கிறவன், சத்தமாகக் கதைக்கிறவன். சட்டைப் பையிலிருந்து ஒரு கொத்து வளையங்களை எடுத்துக் கிலுக்கினான். நகைக்கடையில் விரல் அளவு பார்க்கிற வளையங்கள்.

“தோழன் மோதிரத்துக்கு அளவெடுக்க வந்தனான். கையைத் தாரும் பாப்பம்.”

முதல் வளையம் விரலில் பூசியிருந்த வசிலினில் வழுக்கிப் பறந்து கதிரைக்கடியில் உருண்டது. கீர்த்திகன் நாலு காலில் அதன் பின்னால் போனான். அந்தநேரம் பார்த்துத் தேத்தண்ணீரோடு வந்த குணலட்சுமி பதறிப்போனாள். “ஐயோ மாப்பிள்ளை, எழும்புங்கோ! ஆரும் பாத்தால் என்ன நினைப்பினம்?”

“இப்பவே குனிஞ்சு பழகிறன், மாமி” என்று கதிரைக்கடியிலிருந்து குரல் வந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் கஜந்தினி சிரிக்கிற சத்தம் கேட்டது.

குணலட்சுமி வடை எடுக்க உள்ளே போனாள். பிடிபட்ட வளையத்தைத் துடைத்து, கீர்த்திகன் திரும்பவும் அவன் விரலில் போட்டுப் பார்த்தான். மாப்பிள்ளையினது சீமெந்து தின்ற, சொரசொரத்த கை. அது தன் கையை இவ்வளவு சாதாரணமாகப் பிடித்திருப்பது பிரவீணனுக்குப் புதினமாக இருந்தது.

“இதுதான் அளவு. எங்கடை அம்மா வீடியோக்காரனுக்கு இப்பவே சொல்லிப்போட்டா, மோதிரம் போடேக்கை நல்லாக் கிட்டப் பிடிக்கவேணுமாம். கனடாவிலை சொந்தக்காரர் எல்லாரும் நேரலையிலை பாப்பினம். உமக்கு முழுச்சுகம் எண்டதிலை அவவுக்கு அப்பிடியொரு சந்தோசம்.”

பிரவீணன் விரலிலிருந்த வளையத்தைப் பார்த்தான். சும்மா தலையாட்டினால் போதும். கலியாணத்தன்று சால்வையால் கையை மறைத்துவிடலாம். வீடியோக்காரனைக்கூட ஏமாற்றலாம். ஆனால் கையைப் பிடிக்கப்போகிறவர் இவரல்லவா?

“அத்தான், ஒரு அளவு பெரிசாச் செய்விச்சால் என்ன?”

“விசரோ? கழண்டு விழும்.”

“விழாது.” அவன் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மேலே இழுத்தான். “குளிசையைக் குறைச்சுப்போட்டினம். கலியாணத்தண்டைக்கு இது விரல்வரைக்கும் வந்து தடிச்சிடும். எனக்குச் சுகமாகேல்லை, அத்தான். அடங்கித்தான் கிடந்தது. உங்கடை அம்மா அப்பிடிச் சொல்லேக்கை நான் இல்லையெண்டு சொல்லேல்லை.”

கீர்த்திகன் அந்தச் சாம்பல் நிறத்தைக் குனிந்து பார்த்தான். வளையக் கொத்தை மடியில் வைத்தான். திரைச்சீலைக்குப் பின்னாலும் சிரிப்பு நின்றிருந்தது.

பிரவீணன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தொடங்கியதை முடிக்காமல் விட அவனுக்கு மனமில்லை.

“டிலக்‌ஷன் நிண்டாலும் நான் கோவிக்கமாட்டன். ஆனால் எனக்கு ஆசை, அத்தான். பெரிய அளவிலையே மோதிரத்தைச் செய்விச்சு, வீடியோக்காரன் எவ்வளவு கிட்டப் பிடிச்சாலும் பரவாயில்லையெண்டு, இந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டு என்னோடை மணவறைக்கு வாறியளோ?”