காற்று வீசிய பக்கம்

மருந்துக் கம்பெனிக்காக மலையுச்சியில் கஞ்சா வளர்ப்பது அவருடைய வேலை. அரசாங்க அனுமதியோடு, முள்வேலிக்குள் நானூறு செடிகள். கீழே அலுவலகத்தில் அவரை 'மேகத்தார்' என்பார்கள். எப்போதாவது இறங்கி வருவார், வந்த சுவடு தெரியாமல் போய்விடுவார். மூன்று வருஷமாகத் தகரக்கூரை போட்ட ஒற்றை அறையில் தனிக்கட்டையாகக் கிடந்தார். பேச்சுத் துணை, வாரம் ஒருமுறை போனில் வரும் மேலாளர் மட்டும்தான்.

அந்த உயரத்தில் பகல் வெயில் தோலை உரிக்கும், பொழுது சாய்ந்தால் விரல் மரத்துவிடும். செடிகளுக்கு அது ஒத்துக்கொண்டது. ஆண் செடி தலைகாட்டினால் உடனே பிடுங்கிவிடுவார். மகரந்தம் பட்டுவிட்டால் பெண் பூவில் விதை பிடிக்கும். அப்புறம் மருந்துக்கு ஆகாது.

அறுவடைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே பச்சை விதை. அடுத்த பூவிலும் விதை. வரிசை வரிசையாகத் தேடியும் வேலிக்குள் ஓர் ஆண் செடிகூட அகப்படவில்லை. எதிர்ச்சரிவில் யாரோ புதிதாக இதே பயிர் வைத்திருந்தார்கள். காற்றும் அந்தப் பக்கமிருந்துதான் வீசியது. கோபம் தலைக்கேற, மேலாளருக்குப் போன் போட்டுப் புகார் கொடுக்கச் சொன்னார். அப்படியும் ஆறவில்லை. நேரிலேயே நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று, மறுநாள் விடிந்ததும் பள்ளத்தில் இறங்கி ஏறினார். போய்ச் சேர உச்சிவெயில் ஆகிவிட்டது.

அங்கே ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, கயிறு திரிக்கும் நாருக்காக வளர்த்த கஞ்சாவை அறுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு அவள் ஒண்டிதான். மேகத்தார் நின்றபடியே பொரிந்து தள்ளினார். அவள் முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள்.

"உக்காந்து திட்டுங்க. மூச்சு வாங்குது பாருங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகரந்தம் இவ்வளவு தூரம் பறக்குமென்று தனக்குத் தெரியாது என்றாள். அடுத்த வருஷம் பூக்கும் முன்பே அறுத்துவிடுவதாகச் சொல்லித் தேநீர் போட்டுத் தந்தாள். பேச்சு எங்கெங்கோ போயிற்று.

"நான் செடிங்ககிட்டதான் பேசுவேன்," என்றார் அவர்.

"நான் கெட்டில்கிட்ட. கொதிச்சா அது பதிலாவது சொல்லும்."

புகார் கொடுத்த விஷயம் அவருடைய தொண்டைவரை வந்தது. தேநீரோடு விழுங்கிவிட்டார்.

அறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, புகார் வேண்டாமென்று மேலாளரிடம் கெஞ்சினார்.

"அது நேத்தே அதிகாரிங்க கைக்குப் போயிடுச்சே. அந்தம்மாகிட்ட அனுமதியே கிடையாதாம்."

மூன்றாம் நாள் எதிர்ச்சரிவில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. வேலியைப் பிடித்தபடி பார்த்தார். அறுத்தது போக நின்ற பயிரை வேரோடு பிடுங்கிக் குவித்தார்கள். ஓடிப்போய் அவள் முன்னால் என்னவென்று சொல்வது? செடிகளுக்குள் திரும்பிப் போனார். நாலு நாள் கழித்து மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போனாளென்று கீழே ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் விளைச்சல் பிரமாதம். மேலாளருக்கு வாயெல்லாம் பல். என்ன வேண்டுமோ கேளுங்கள் என்றார்.

"என்னைக் கீழ மாத்திடுங்க. குளிர் ஒத்துக்கல."

"நாலு வருஷமா ஒத்துக்கிட்டுதே?"

மேகத்தார் மாற்றல் கேட்டு எழுதியே கொடுத்தார். ஆனால் அந்த உயரத்துக்கு வர வேறு ஆள் கிடைக்கவில்லை. பனி உருகியதும் அவரே மண்ணைக் கொத்தி நாற்றுக்குப் பாத்தி கட்டினார்.