நல்லா சத்தமா அழு

பானு மாமியாரின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, புருஷன் கலையரசன் அவள் காதருகே குனிந்தான்.

"ஜோதி வந்துக்கிட்டிருக்கா. வாசல்ல கால் வச்சதும் கட்டிப்பிடிச்சு அழு. நல்லா சத்தமா. நாலு பேரு பாக்கணும்."

எடமலைப்பட்டி புதூரில் அவர்கள் சொந்தபந்தத்துக்குள் அப்படி ஒரு வழக்கம். இழவு வீட்டில் தோளைக் கட்டி அழுதுவிட்டால் பகை தீர்ந்தது. அப்புறம் கேஸாவது ஒன்றாவது! வேறு சாதிப் பையனைக் கட்டுவேன் என்ற தங்கச்சி ஜோதியை ஒரு மழைக்காலம் முழுக்க மாடி அறையில் பூட்டி வைத்தவன் கலையரசன்; அதற்குத்தான் அவள் கேஸ் போட்டிருந்தாள். அவன் வேலைக்குப் போன ஒரு பகலில் பூட்டை உடைத்து அவளை அனுப்பி வைத்தது தாய் மாரியாயி. கோர்ட்டுக்கு வந்து சொல்கிறேன் என்று நின்றதும் அவள்தான். அதற்குள் நெஞ்சுவலி முந்திக்கொண்டது. இனி சாட்சிக்கு ஆள் ஏது? பானு இருக்கிறாள். ஆனால் போலீஸ் கேட்டபோது, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றவள்தானே அவள். கலையரசனின் முகத்தில் துக்கத்தோடு கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. பானு விரல்கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

ஜோதி வந்தாள். பானு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். ஜோதி கட்டையாக நின்றாள். பானு வாயைத் திறந்தாள்.

"மாடிக்கதவ பூட்டயில மனசொடிஞ்ச எங்கத்தே!
சன்னல் வழி தட்டுல நான் சோறு தள்ளப் பாத்தியே!
சாவிய இடுப்புல சொருகி உம்மகன் போகயில
கல்லெடுத்துப் பூட்டொடச்சு காப்பாத்துன எங்கத்தே!"

பந்தலில் தலைகள் திரும்பின. ஒப்பாரி வைக்கிறவளை நடுவில் நிறுத்த அந்தத் தெருவில் எவனுக்கும் வாய் கிடையாது. கலையரசன்தான் எழுந்து வந்தான்.

"ஏய், போதும்."

"துக்கத்துல அழுவுறா, விடுப்பா," என்றார் அவனுடைய பெரியப்பா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

பானு விடவில்லை. போலீஸ் முன்னால் விழுங்கியதெல்லாம் ராகத்தோடு வெளியே வந்தது. ஜோதியின் கை மெல்ல அவள் முதுகுக்கு வந்தது.

சாயங்காலம் ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, தலைமுழுகி, விளக்கேற்றினார்கள். கொல்லைப்புறத்தில் ஜோதி மெதுவாகக் கேட்டாள்.

"கோர்ட்டுலயும் இதச் சொல்லுவீங்களா, அண்ணி?"

"அங்க பாட விடுவாங்களா என்ன? பேசித்தான் சொல்லணும். சொல்றேன்."

"அப்ப அண்ணன் திரும்பி வர்றப்ப நீங்க இங்க இருக்கக்கூடாது. எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

பானு ஈரத்தலையோடு உள்ளே போய், நாலு துணியைப் பையில் திணித்து எடுத்து வந்தாள். தெருமுனையில் ஆட்டோ நின்றது. பந்தலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த பெண்கள் அவளையும் பார்த்தார்கள், பையையும் பார்த்தார்கள். ஒருத்தி காலை மடக்கி வழிவிட்டாள்.

இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள், போயிட்டு வரேன் என்று சொல்வதில்லை. பானுவும் சொல்லவில்லை.