வெள்ளைத் துணியில் சுற்றிய பலகை

கல்லோயாக் குடியேற்றப் பக்கம் சிங்களவர்-தமிழர் கலவரம் மூண்ட வருஷம், மருதமுனை வண்டிக்காரர் மீராசாஹிபுவின் கொட்டிலில், அணை கட்ட வந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரின் அலைப்பலகை கிடந்தது. லீவு நாட்களில் வந்து, அதன் மேல் நின்றபடி அலையில் வழுக்கி வருவார் அந்த மனிதர். ஆளைவிட நீளம், ஆனால் விரலால் அழுத்தினாலே குழி விழும் மரம். இப்போது அவர் நாடு திரும்பப் போகிறார். பலகையை அம்பாறைக்குக் கொண்டுவரச் சொல்லி ஆளனுப்பியிருந்தார். ஒரு கீறலும் படக்கூடாதாம்.

மீராசாஹிபு வண்டியில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பினார். பலகையின் இரு முனைக்கும் சாக்கை மடித்துக் கட்டினார். மேலே சுற்றுவதற்கு, மனைவி ஹாஜறா தறியிலிருந்து வெள்ளைத் துணியை அறுத்துக் கொடுத்தாள்.

"சாயத்துணி வேணாம். மழ பட்டா சாயம் மரத்துல ஊறிரும்."

சுற்றிக் கட்டி முடித்ததும் அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"இஞ்சேருங்க, இதப் பாத்தா..."

"வாய மூடு புள்ள."

வீரமுனை தாண்டியதும் வயல்களில் ஆளரவமே இல்லை. வாய்க்கால் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. மறிக்க ஒருவரும் இல்லை. தூரத்தில் புகை. பாலத்தடியில் கத்தியும் தடியுமாக ஒரு கூட்டம் வண்டியை மறித்தது.

"என்ன அது? அவிழ்!"

குடியேற்றத்துக்கு அணை கட்டிய வெள்ளைக்காரனின் சாமான் என்று தெரிந்தால் பலகையும் மிஞ்சாது, தானும் தப்பமுடியாது என்று மீராசாஹிபுவுக்குப் பட்டது.

"மையித்து" என்றார். பிணத்தை அவிழ்க்கச் சொல்ல மாட்டார்கள்.

"யார்ட?"

"என்ட பொஞ்சாதிட. வரிப்பத்தான்சேனைக்குக் கொண்டு போறன், அவட உம்மாட ஊருக்கு."

கூட்டம் விலகியது. ஒருவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி, துணைக்கென்று கொஞ்சத் தூரம் வண்டியோடு நடந்தான்.

"என்ன வருத்தம்?"

"காய்ச்சல்."

"புள்ளையள்?"

"ரெண்டு" என்றார்.

அம்பாறையில் எஞ்சினியர் துணியைப் பிரித்து, பலகையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். ஒரு குழி கூட இல்லை. திருப்பிக் கொடுத்த துணியை மீராசாஹிபு வாங்கவில்லை.

வேறு பாதையால் சுற்றி, மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகை நேரம் வீடு வந்தார். ஹாஜறா தறியில் இருந்தாள்.

"பத்திரமாக் குடுத்தீங்களா?"

"ஓம்."

"ஏன் என்ன இப்பிடிப் பாக்கிறீங்க?"

பாலத்தடியில் தான் சொன்ன பொய்யை அன்றும் பிறகும் அவர் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் தறிச் சத்தம் சற்று நின்றாலும், சோற்றுக் கையோடு எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.