எட்டாவது ஊசி

“எட்டு.”

“ஏழு. நல்லா எண்ணு.”

“ரெண்டு தடவை எண்ணிட்டேம்மா. எட்டுதான்.”

“உனக்குப் பள்ளிக்கூடத்துலயே கணக்கு வராது. இங்க கொடு.”

மரிகோவின் கையிலிருந்த ஆப்பிளை அவளுடைய அம்மா கலியோப்பி பிடுங்கிக்கொண்டாள். காலையில் அந்த ஆப்பிளில் ஏழு புது ஊசிகளைக் குத்தித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தவள் நான்தான். கல்யாணப் பெண் செய்ய வேண்டிய வேலை அது ஒன்றுதான். ஏழு பெண்களும் ஆளுக்கொரு ஊசியை உருவிக்கொண்டு, தரையில் விரித்திருந்த போர்வையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தைத்து முடித்தவள் தன் ஊசியை அதே ஆப்பிளில் திரும்பக் குத்திவிட வேண்டும். வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக் கட்டிலில் போர்வையை விரித்தவுடன் அதன்மேல் ஓர் ஆண் குழந்தையை உருட்டுவார்கள். இந்த முறை உருளப்போவது மரிகோவின் ஏழு மாதப் பிள்ளை. உள்ளே ஊசி கிடந்தால் என்ன ஆகும்? அதனால் விளிம்பை மூடும் முன்பு மாப்பிள்ளையின் அம்மா எண்ணிப் பார்ப்பாள்; என் கல்யாணத்தில் அது கலியோப்பி.

ஊசி குறைந்தது எங்கள் ஊரில் நடந்திருக்கிறது. ஒருமுறை பாதிப் போர்வையைப் பிரித்துத் தேடிய பிறகு, ஊசி ஒருத்தியின் பாவாடையிலேயே குத்தியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஊசி கூடி யாரும் பார்த்ததில்லை.

கலியோப்பி ஒவ்வொன்றாக உருவித் தன் மேலங்கியில் வரிசையாகக் குத்தினாள். ஏழு ஊசிகள் பளபளவென்று இருந்தன. எட்டாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அதன் காது கறுத்திருந்தது. உடல் மீன்முள் போல லேசாக வளைந்திருந்தது.

“இது யாரோடது?”

எனக்கு அது யாருடையது என்று தெரியும். ஐந்து வயதிலிருந்து பார்த்து வருகிற ஊசி. அதன் சொந்தக்காரி அந்த நேரத்தில் காபித் தட்டுடன் வாசலில் நின்றிருந்தாள். என் சித்தி எவாந்தியா.

சித்தி போர்வை தைப்பவள். சுற்றியுள்ள நான்கு ஊர்களில் அவள் தைத்த மெத்தைப் போர்வை இல்லாத வீடு இல்லை. என் போர்வைக்கும் பன்னிரண்டு ஆடுகளின் ரோமத்தை ஆற்றில் அலசிக் காயவைத்தது அவள்தான். அதைச் சிக்கெடுத்துப் பஞ்சாக்கியதும், கோசானி நகரத்துக்குப் போய்ச் சிவப்புச் சாட்டின் வாங்கி வந்ததும், சாக்கட்டியால் துலிப் பூக்களை வரைந்ததும் அவள்தான். இன்று காலை ஆப்பிள் உள்ளே வந்ததும் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். கல்யாணப் போர்வையில், தேவாலயத்தில் ஒரே ஒரு முறை மணமுடி சூட்டிக்கொண்டு, கணவனும் உயிரோடிருக்கும் பெண்கள்தான் ஊசி போடலாம். சித்தியின் தலையில் இரண்டு முறை மணமுடி வைத்திருக்கிறார்கள். முதல் கணவன் ஒரே வருடத்தில் கல் குவாரியில் செத்துப்போனான். இரண்டாவது கணவர் என் அப்பா.

“நான் என் வீட்டுலேர்ந்து கொண்டாந்தேனோ என்னமோ,” என்றாள் ஸீஸா பெரியம்மா. இறந்துபோன என் அம்மாவின் அக்கா அவள். “வயசாச்சு கலியோப்பி. கையில என்ன இருக்குன்னே தெரிய மாட்டேங்குது.”

“காலையில என் எதிர்லதான உருவினே? ‘எனக்குக் காது பெருசா இருக்கறதைக் கொடு’ன்னு மூணு ஊசியை மாத்தினவ நீதான்.”

“அதான் சொல்றேனே, கண்ணும் தெரியலை.”

இரண்டு பேர் சிரித்தார்கள். கலியோப்பி சிரிக்கவில்லை.

“யாரோ உள்ள வந்து ஊசி போட்டிருக்காங்க,” என்றாள். “நாம சாப்பிடப் போனப்பதான் வந்திருக்கணும்.”

அவள் கணக்கு சரிதான். மதியம் எல்லோரும் முற்றத்தில் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட அப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கேலி அங்கேயும் தொடர்ந்தது. “லாஸரோஸ் படுக்கற பக்கத்தை நெருக்கித் தைங்கடி, அவன் குறட்டைக்கே தையல் விட்டுடும்” என்று மரிகோ மாப்பிள்ளையான தன் அண்ணனை வம்புக்கு இழுப்பது என் காதில் விழுந்தது. நான் சித்தியின் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்து வந்தேன்.

“ஒரே ஒரு பூ, சித்தி.”

“பைத்தியமா உனக்கு? விடுடி.”

“ஊரே உங்க தையலுக்குள்ளதான் தூங்குது. நான் மட்டும் இல்லையா?”

“உனக்கு நான் தைச்சது பெட்டியில ரெண்டு இருக்கே, ஸ்மரோ.”

“அது இங்கயே இருக்கப்போகுது. ரயில்ல ஒண்ணுதான் கொண்டுபோக முடியும்னு அவர் சொல்லிட்டார். அது இதுதான்.”

லாஸரோஸ் வெளிநாட்டில், ஸ்டுட்கார்ட்டில், ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் விடுப்பு. அது முடிந்ததும் நானும் போகிறேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. ஒரு அறை, அதில் ஒரு கட்டில், சன்னலுக்கு வெளியே தண்டவாளம் என்று எழுதியிருந்தான். அந்தக் கட்டிலில் அவன் இரவு வேலைக்குப் போன பிறகு நான் மட்டும் படுத்திருப்பதைப் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கழுத்துக்கு வரும் ஓரத்தில் ஒரு பூவாவது சித்தியின் கையால் தைத்ததாக இருக்க வேண்டும் என்று அப்போதெல்லாம் தோன்றும்.

சித்தி வாசலைப் பார்த்தாள். அப்புறம் முழந்தாளிட்டாள். ஒரு பூவும் அதன் காம்பும். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முற்றத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டதும் நூலைப் பல்லால் கடித்துவிட்டு எழுந்தாள். ஊசியை எங்கே வைத்தாள் என்று நான் கவனிக்கவில்லை. அவளும் கவனித்திருக்க மாட்டாள். துணியில் ஊசியை விட்டுவிட்டு எழுந்திருக்கக் கூடாது. பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் குத்திவிட வேண்டும். இருபது வருடப் பழக்கம். பக்கத்தில் இருந்தது ஆப்பிள்.

“எது அந்த ஊசி போட்ட தையல்னு கண்டுபிடிச்சுப் பிரிக்கணும்,” என்றாள் கலியோப்பி. “இன்னிக்குத் திங்கள். நாளைக்குச் செவ்வாய், ஊசியைத் தொட முடியாது. பொழுது சாயறதுக்குள்ள பிரிச்சுத் திரும்பத் தைச்சு மூடணும். எல்லாரும் குனிஞ்சு பாருங்க.”

“ஒரு பூ தைச்சதுக்கா இவ்ளோ?” என்றாள் ஸீஸா பெரியம்மா.

“பூன்னு நான் சொன்னேனா?”

பெரியம்மா சட்டென்று குனிந்து தையல்களைத் தேட ஆரம்பித்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தையலைப் பிரித்தால் பிரிக்கட்டும், அழுதுவிட்டு விட்டுவிடுவேன். சித்தியின் பெயர் வெளியே வந்துவிடக் கூடாதே என்பதுதான் என் பயம். வேறு யாராவது என்றால் மறந்துபோனாள், ஆசைப்பட்டுவிட்டாள் என்பார்கள். சித்தி என்றால் மூத்தாள் மகளுக்குக் கெடுதல் நினைத்தாள் என்பார்கள். நான் ஸ்டுட்கார்ட்டுக்குப் போய்விடுவேன். அவள் இந்தத் தெருவில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும்.

கலியோப்பி கத்தரிக்கோலுடன் தவழ்ந்து தவழ்ந்து தையலைத் தடவினாள். திருட்டுத்தனமாகப் போட்ட தையல் அவசரத்தில் போட்டதாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள் போல. கால்மாட்டு ஓரத்தில் ஒரு வரிசை தவளை குதித்த மாதிரி போயிருந்தது. ஒரு தையல் அரிசி அளவு, அடுத்தது அவரை விதை அளவு.

“இதோ! இது மனுஷி தைச்ச தையலா?” என்று நறுக்கென்று நூலை வெட்டி இழுத்தாள். ஒரு சாண், இரண்டு சாண். சாட்டின் சுருங்கி நிமிர்ந்தது.

“அம்மா,” என்றாள் மரிகோ.

“சும்மா இரு.”

“அம்மா, அது என்னோடது.”

ஸீஸா பெரியம்மா தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் பொத்தவும் இல்லை.

“பிள்ளைக்கு நடுநடுவுல பால் கொடுத்துக்கிட்டே தைச்சேன்,” என்றாள் மரிகோ, முகம் சிவந்து. “நீ வேணா ஒரு கையில பிள்ளையை வச்சுக்கிட்டுத் தைச்சுப் பாரேன்.”

“உனக்குத் தையல் கத்துக்கொடுத்தது யாருடி?” என்று யாரோ கேட்டார்கள்.

“இதோ குனிஞ்சிருக்காங்களே, இவங்கதான்.”

கலியோப்பிக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். உதட்டை இறுக்கிக்கொண்டாள். பிரித்த இடத்தை மரிகோவிடமே தள்ளிவிட்டு, “இப்பவாவது ஒழுங்காத் தை” என்றாள். நான் மூச்சு விட்டேன். இத்தோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. தலைமாட்டுப் பக்கம் நகர்ந்தாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மட்டும் தடவினாள். இரவில் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்ளும்போது கை போகிற மாதிரி. ஒரு பூவின் மேல் கை நின்றது. மறுபடி தடவினாள். கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தாள்.

மற்ற தையல்கள் எல்லாம் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தன. அந்தப் பூவில் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரே அளவு, கோதுமை மணிகளை வரிசை வைத்தது போல. அவள் மேலங்கியில் குத்தியிருந்த வளைந்த ஊசியை எடுத்து வலது கையில் பிடித்துப் பார்த்தாள். வளைவு விரலுக்குப் பொருந்தவில்லை. இடது கைக்கு மாற்றினாள். பொருந்தியது.

எங்கள் ஊரில் இடது கையால் தைப்பவள் ஒருத்திதான்.

“நான்தான் போட்டேன்,” என்றேன். “அந்த ஊசியை நான் எடுத்துத் தைச்சேன், அத்தை. ஆசையா இருந்தது.”

கலியோப்பி ஊசியை என்னிடம் நீட்டினாள். “சரி. இந்தப் பூவுக்குப் பக்கத்துல ஒரே ஒரு தையல் போடு, பார்க்கலாம்.”

நான் வாங்கவில்லை. போட்டிருந்தால் மரிகோவின் வரிசையே தேவலை என்றாகியிருக்கும்.

“பொய் சொல்றப்போ நீ இப்படித்தான் நிப்பேன்னு தெரிஞ்சுக்கிட்டேன்,” என்றாள். “நல்லதுதான். மருமகளைப் பத்தித் தெரிஞ்சுக்க வேண்டியதுதானே.”

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவளுடைய மூத்த மகன் பாவ்லோஸ் கல்யாணமான இரண்டாம் வருடம் காட்டில் மரம் சாய்ந்து செத்தான். அந்தக் கல்யாணத்துக்கு ஏற்கெனவே தைத்து வைத்திருந்த போர்வையைக் கடையிலேயே வாங்கினார்கள். யார் தைத்தது, எத்தனை ஊசி என்று யாரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் ஊரில் எந்தக் கல்யாணப் போர்வைக்கும் அவளே போய் ஊசி எண்ணுகிறாள்.

மரிகோ தைப்பதை நிறுத்தியிருந்தாள். எல்லோரும் வாசலைத்தான் பார்த்தார்கள். சித்தி காபித் தட்டை இன்னும் கீழே வைக்கவில்லை.

“உள்ள வாங்க, சம்பந்தி,” என்றாள் கலியோப்பி.

சித்தி உள்ளே வந்து தட்டைச் சன்னல் திண்டில் வைத்தாள். போர்வையை மிதித்துவிடாமல் சுவரோரமாக நின்றாள்.

“பதினோரு வருஷமா இந்தக் கை தைச்ச போர்வைக்குக் கீழதான் நானும் அவரும் படுத்துக்கறோம். கண்ணைக் கட்டிட்டாலும் தெரியும் எனக்கு.” கலியோப்பி முழந்தாளிட்டபடியே நிமிர்ந்து பார்த்தாள். “அவரும் கல்லு மாதிரிதான் இருக்கார். அதையும் நினைச்சுப் பார்க்கறேன். பாவ்லோஸையும் நினைச்சுப் பார்க்கறேன். ரெண்டுல எதை வச்சுக்கறதுன்னு எனக்குத் தெரியலை.”

பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த மரிகோவின் பிள்ளை சிணுங்கிவிட்டு அடங்கியது.

“இதைப் பிரிச்சா, ஏன் பிரிச்சேன்னு இந்த ஏழு பேர் ஏழு வீட்டுல சொல்வாங்க. பிரிக்காம விட்டா, எனக்குத் தூக்கம் வராது.” அவள் கத்தரிக்கோலைத் தரையில் வைத்தாள். “வேற ஒருத்தர் வாயால கேட்டா நம்ப மாட்டேன். நீங்க சொன்னா நம்பிடுவேன்.”

அது உண்மை. சித்தி பொய் சொல்ல மாட்டாள் என்பது ஊருக்கே தெரியும். பாதிரியார் மனைவியின் போர்வையைக் கொடுக்கும்போதே, “மூணு இடத்துல பழைய ரோமம் கலந்திருக்கு, அஞ்சு வருஷத்துல கட்டி தட்டும்” என்று சொன்னவள். நான் ஏழு வயதில், செத்துப்போன அம்மா திரும்பி வருவாளா என்று கேட்டபோது வீட்டில் எல்லோரும் ஏதேதோ சொன்னார்கள். வர மாட்டாள் என்று சொன்னவள் இவள் ஒருத்திதான்.

வெயில் போர்வையின் கால்மாட்டை விட்டுப் போய், மரிகோ பாதி தைத்திருந்த வரிசைமேல் விழுந்து, அங்கிருந்தும் நகர்ந்துகொண்டிருந்தது. விளிம்பு இன்னும் திறந்தே கிடந்தது. வெள்ளை ரோமம் அதன் வழியாகத் தெரிந்தது.

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பூவைப் பார்த்தாள். இடது கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள், அதில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

கலியோப்பி வளைந்த ஊசியை அவள் பக்கம் நீட்டினாள்.

“இந்தப் பூவுல உங்க கை படலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, சம்பந்தி. ஓரத்தை மூடிடறேன்.”