நாற்பது பேர் வருவார்கள்

எடை போடும் எந்திரங்கள் செய்கிற எங்கள் கம்பெனியில் எனக்கு 'சரிங்க' என்று பட்டப்பெயர். யார் எதைச் சொன்னாலும் என் வாயிலிருந்து முதலில் விழுவது அந்த வார்த்தைதான். இந்த வேலை கிடைப்பதற்கு முன் எட்டு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். 'முடியாது' என்று சொல்கிற துணிச்சல் அந்த எட்டு மாதத்தில் கரைந்துபோய்விட்டது.

பணியாளர் பிரிவில் உதவியாளனாகச் சேர்ந்த ஐந்தாவது மாதம் மேனேஜர் மேடம் கூப்பிட்டார். ஊழியர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் ஏதாவது பொதுவேலை செய்வது கம்பெனியில் வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த வருஷம் ஊருக்கு வெளியே இருக்கிற சதுப்புநிலத்தைச் சீராக்கும் வேலை. ஏற்பாடு முழுக்க என் தலையில்.

"சனிக்கிழமை. பஸ், சாப்பாடு, பனியன் எல்லாம் நீங்க பாத்துக்கங்க. எதுவும் சொதப்பக் கூடாது."

"சரிங்க மேடம்."

மறுநாளே இடத்தைப் பார்க்கப் போனேன். பல வருஷமாக லாரி லாரியாக இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கி வைத்திருந்த மூலை அது. அத்தனையையும் அள்ளி எடுத்துவிட்டிருந்தார்கள். இப்போது வெறும் கறுப்புச் சேறு மட்டும் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. சதுப்பின் காப்பாளர் ஒல்லியான மனிதர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். வணக்கம் சொல்லக்கூட நேரத்தை வீணாக்காதவர்.

"மூவாயிரம் கோரை நாத்து வருது. தட்டுல ரெண்டு நாளுக்கு மேல தாங்காது. திங்கக்கிழமை காலையில மதகைத் திறந்து தண்ணி விடுறாங்க. அதுக்குள்ள அத்தனையும் மண்ணுக்குள்ள போயிருக்கணும். நாத்து புடிச்சாதான் பறவை வந்து கூடு கட்டும். இல்லேன்னா இது வெறும் குட்டைதான். நாப்பது பேர் இருந்தா ஒரே நாள்ல முடிச்சிடலாம். இருக்காங்களா? இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க. வேற ஒரு கம்பெனியும் கேட்டுக்கிட்டு இருக்கு."

"நாப்பது பேர் வருவாங்க சார்" என்றேன்.

அப்போது என் பட்டியலில் நான்கு பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் நான்.

கேன்டீன் வாசலில் ஒட்டியிருந்த அந்தப் பட்டியலை ஒரு நாளைக்கு ஆறு தடவை போய்ப் பார்த்தேன். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவர் சனிக்கிழமை தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும் என்றார். இன்னொருவருக்குக் கொழுந்தியாள் வீடு மாறுகிறாள். விற்பனைப் பிரிவுக்காரர் ஒருவர், "என் காலுக்கு சேறு ஆகாதுப்பா" என்று, ஏதோ மருந்து ஆகாது என்பதுபோலச் சொன்னார். வியாழக்கிழமை வரை சேர்ந்தது ஒன்பது பேர். அன்றைக்குப் பார்த்து மாடிப்படியில் மேடம் எதிரே வந்தார்.

"எத்தனை பேர் ஆச்சு?"

"நாப்பது மேடம்."

"நல்லது" என்று இறங்கிப் போய்விட்டார். என்னால் படிக்கட்டின் கைப்பிடியை விட முடியவில்லை. புலி வாலைப் பிடித்தவன் கதைதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்படியில் நின்று மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நாப்பதுல ஒன்பது போனா முப்பத்தொண்ணு" என்றாள். "நாளைக்கு ஸ்கூல் லீவு. எங்கண்ணனோட வேன் சும்மாதானே நிக்கும்? நம்ம சொந்தக்காரங்களை எல்லாம் ஏத்திட்டு வந்துடலாம்."

"அவங்கல்லாம் கம்பெனி ஆளுங்க இல்லியேம்மா."

"பனியனைப் போட்டா எல்லாரும் கம்பெனி ஆளுதான். இந்த ஒரு நாள் போயிடுச்சுன்னா அந்த நாத்தெல்லாம் என்ன ஆகும்? அதைச் சொல்லுங்க."

வெங்காயம் வதங்கி முடிவதற்குள் நான்கு வீடுகளுக்குப் போன் போய்விட்டது.

காலை ஏழரைக்கு மச்சான் ஓட்டிவந்த பள்ளிக்கூட வேனிலிருந்து பதினேழு பேர் இறங்கினார்கள். மச்சான், அவர் மனைவி, என் மனைவி, என் மாமியார், கொழுந்தியாள் குடும்பம், பக்கத்து வீட்டுத் தையல்காரர், அவருடைய தம்பிகள். எல்லோருக்கும் பச்சைப் பனியனைக் கொடுத்தேன். அத்தைக்கு அது முழங்கால் வரை வந்தது. "யாராவது கேட்டா கம்பெனியில வேலை செய்யறோம்னு சொல்லிடுங்க" என்று கெஞ்சினேன். கம்பெனி பஸ்ஸில் என்னைத் தவிர்த்து மீதி எட்டுப் பேரும் வந்துசேர்ந்தார்கள். காப்பாளர் தலைகளை எண்ணப்போவதைப் பார்த்து, "இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க சார்" என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலையைக் காட்டிக்கொடுத்தார். குச்சியால் ஒரு குழி, அதில் ஒரு கொத்து நாற்று, குதிகாலால் ஒரு அழுத்து. ஒன்றரை அடி தள்ளி அடுத்தது.

ஒன்பது மணிக்கு மேடம் வந்தார், பின்னாலேயே இன்னும் சிலர். பேன்ட்டை மடித்துவிட்டு நேராகச் சேற்றில் இறங்கினார். நான் ஐம்பது அடி தள்ளி நாற்றுத் தட்டோடு நின்றிருந்தேன். அவர் என் மச்சானிடம் போய் நிற்பது தெரிந்தது. சேறு காலைப் பிடித்து இழுக்க, நான் அங்கே போய்ச் சேருவதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது.

"நீங்க எந்த செக்‌ஷன்? பாத்த மாதிரி இல்லையே."

"ஏற்றுமதிங்க" என்றார் மச்சான்.

"நம்ம கம்பெனியில ஏற்றுமதியே கிடையாதே?"

"இனிமேதான் ஆரம்பிக்கப் போறாங்கன்னு சொல்லி எடுத்தாங்க மேடம்."

மேடம் அத்தையின் பக்கம் திரும்பினார். "நீங்கம்மா?"

அத்தை இடுப்பை நிமிர்த்தினார். "எனக்குப் பொய் சொல்ல வராதும்மா. நான் இவரோட மாமியார். ஏற்றுமதின்னு சொன்னானே, அவன் என் பையன். அதோ குச்சி வெச்சிருக்கா பாருங்க, அவ என் பெரிய பொண்ணு, இவரோட சம்சாரம். சின்னவ அங்க இருக்கா. கூப்பிடட்டுமா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? கையில் தட்டோடு மேடம் முன்னால் நின்றேன்.

"ஒன்பது பேர்தான் பேர் குடுத்தாங்க மேடம். நாப்பதுன்னு நான் சொன்னது பொய். இவங்க எல்லாம் எங்க வீட்டு ஆளுங்க. இடம் கைவிட்டுப் போயிடக் கூடாதேன்னு..." சும்மா உட்கார்ந்திருந்த அந்த எட்டு மாதமும், வேலை தேடி ஏறி இறங்கிய படிகளும் கண்முன்னால் வந்து நின்றன.

 மேடம் கரைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே நீலத் தொப்பி போட்ட ஒருவர் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பெண்கள்.

"நீலத் தொப்பி தெரியுதா? எங்க வீட்டுக்காரர். அது ரெண்டும் என் நாத்தனாருங்க. அந்தாண்ட இருக்கறது ஓரகத்தியும் அவ புருஷனும்."

எனக்குப் புரியவில்லை.

"கேன்டீன்ல பட்டியல் ஒட்டியிருந்தீங்களே, எனக்கும் கண்ணு இருக்கு. வியாழக்கிழமை நீங்க நாப்பதுன்னு சொன்னப்பவே கேட்டிருப்பேன்" என்றார் மேடம். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா அதுக்கு முந்தின நாளே முதலாளிகிட்ட நான் அம்பதுன்னு சொல்லிட்டேன்."

முதலில் சிரித்தது அத்தைதான். அடுத்து மேடம். நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. நாலைந்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் யாரோ எடுத்துப் போட்டதுபோல விலகியது. மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

ஆனால் நாற்றுக்கு எங்கள் சிரிப்பு தெரியாதே. பதினோரு மணிக்குக் காப்பாளர் காலித் தட்டுகளை எண்ணினார். "எண்ணூறு. இந்தக் கணக்குல போனா மூணுல ரெண்டு பங்குதான் ஆகும்" என்றார். முப்பத்திரண்டு பேர் இருந்தோம். அதிலும் தையல்காரரின் கடைசித் தம்பி தட்டு தூக்குவதைவிட நண்டு பார்ப்பதில்தான் கவனமாக இருந்தான்.

எங்களைக் காப்பாற்றியது ரேடியோ. சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறவர். வாய் மூடாததால் அந்தப் பெயர். மேடம் ஒரு காலைச் சேற்றிலிருந்து உருவப் போய், இன்னொரு கால் தொடை வரை உள்ளே போய், என் மச்சானும் நீலத் தொப்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கிற காட்சியை அவர் படம் எடுத்துவிட்டார். மேடத்திடம் கேட்காமலே கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட்டும் விட்டார். 'குடும்பத்தோட வந்திருக்காங்க, நல்லா இருக்கு, வாங்க' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

பன்னிரண்டரைக்கு முதல் மோட்டார் சைக்கிள் வந்தது. ஒரு மணிக்குள் கரையோரம் வண்டிகளாக நிறைந்துவிட்டது. மேடத்தைச் சேற்றில் பார்க்கத்தான் பாதிப் பேர் வந்தார்கள். வந்தவர்களால் இறங்காமல் இருக்க முடியவில்லை. பொருத்தும் பிரிவிலிருந்து ஒரு அக்கா கணவரையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிவந்திருந்தார்.

"வரணும்னு ஆசைதான் தம்பி" என்றார் என்னிடம். "போன வருஷம் பேர் குடுத்துட்டு வர முடியலைன்னா காரணம் எழுதித் தரணும்னு நோட்டீஸ் போட்டாங்க. அதான் யாரும் பேனாவையே தொடலை. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாம்னு முன்னாடியே சொல்லியிருந்தா காலையிலயே வந்திருப்போமே."

அந்த நோட்டீஸை எழுதியவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.  மேடம் குனிந்து ஒரு நாற்றை எடுத்து அந்த அக்காவின் பெண்ணிடம் கொடுத்து, "குதிகாலால அழுத்தணும், சரியா?" என்றார். சேறு ஆகாத விற்பனைப் பிரிவுக்காரரும் மூன்று மணிக்கு வந்துசேர்ந்தார். காலில் இரண்டு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார். பத்து நிமிஷத்தில் ஒரு பை சேற்றுக்குள் போய்விட்டது. கை விட்டுத் துழாவி எடுத்தபின், இரண்டையும் கரையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கிவிட்டார்.

நாலரைக்குக் கடைசித் தட்டு காலியானது. காலையில் வெறும் கறுப்பாகக் கிடந்த இடம் முழுக்கப் பச்சைக் கொத்துகள் வரிசையாக நின்றன. சில வரிசைகள் கோணல்மாணல். காப்பாளர் கரையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தார். அங்கங்கே குனிந்து சாய்ந்திருந்தவற்றை நிமிர்த்தி அழுத்தினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

"மூவாயிரமும் உள்ள போயிடுச்சு. திங்கக்கிழமை தண்ணி வரட்டும்" என்றார். பிறகு தயங்கி, "காலையில இருபத்தஞ்சு தலையை எண்ணினப்ப போச்சுடான்னு நினைச்சேன்" என்றார்.

"நானும்தான் சார்."

கரையோரக் குழாயில் எல்லோரும் வரிசையில் நின்று கால் கழுவினோம். என் அத்தையும் மேடத்தின் நாத்தனாரும் அதற்குள் என்ன உறவாகிவிட்டார்களோ, வேனில் ஏறும்வரை பேச்சு ஓயவில்லை. வேனில் ஏறியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்தேன். வழியெல்லாம் யார் யாரோ பேசினார்கள், பிள்ளைகள் பாடினார்கள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

வீடு வந்ததும் மனைவி தோளைத் தட்டினாள்.

"எழுந்திருங்க. சாப்பிட்டுட்டுத் தூங்கலாம்."

"அஞ்சு நிமிஷம்" என்றேன்.

வேன் நின்ற இடத்திலேயே, சேறு காய்ந்த பேன்ட்டோடு, ஒரு மணி நேரம் தூங்கினேனாம். மச்சானும் எழுப்பாமல் வாசல்படியில் உட்கார்ந்து காத்திருந்தாராம்.