கன்னியம்மா வீட்டின் எட்டு அடி

கனடாவில் ஒரு ஃபுட்பால் அணி ஜெயித்தால் காட்டுப்பாக்கத்தில் கன்னியம்மாவின் வீடு ஓர் அடி பின்னால் போகும். தோற்றால் ஓர் அடி முன்னால் வரும். இது தொடங்கியது போன வருஷம் ஜூன் மாதம். நம்பாதவர்கள் சர்வேயர் இராமகிருஷ்ணனைக் கேட்டுக்கொள்ளலாம். சொந்த மைத்துனன் வீட்டை அளக்கும்போதே அரை அங்குலம் விட்டுக்கொடுக்காத மனிதர் அவர். இருபத்தொரு தடவை நாடா பிடித்து அளந்துவிட்டு, கடைசியில் குடை எடுத்துப்போவதுபோல நாடாவையும் எடுத்துக்கொண்டு சும்மாவே அந்தப் பக்கம் வர ஆரம்பித்தார்.

காரணம் பொம்மைதான். மாடியில் ஓர் அறை கட்ட ஆரம்பித்ததும், எல்லோரும் செய்வதுபோல வீட்டுக்கு முன்னால் திருஷ்டி பொம்மை கட்ட வேண்டும் என்றாள் கன்னியம்மா. அவள் புருஷன் சுப்பராயன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். அவரிடம் பழைய சட்டை என்று ஒன்று கிடையாது, எவ்வளவு கிழிந்தாலும் போட்டுக்கொண்டுதான் இருப்பார். ஆகவே பீரோவில் சும்மா கிடந்த ஒரு பச்சை ஜெர்சியை எடுத்தார். கனடாவுக்குப் படிக்கப் போய் அங்கேயே முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட மகள் கவிப்பிரியா அனுப்பியது. போட்டால் அவருக்கு முழங்கால்வரை தொங்கும். அதில் வைக்கோலைத் திணித்து, பானைத் தலை வைத்து, மீசை வரைந்து, ஆணியில் மாட்டினார். ஜெர்சியில் பைசன்ஸ் என்று எழுதியிருந்தது. மகள் இருக்கும் ஊரின் அணி அது. காட்டுப்பாக்கத்தில் அதற்கு எருமை டீம் என்று பெயராகிவிட்டது.

அதே மாதம்தான் சாலையை அகலப்படுத்தக் கல் நட்டார்கள். வீட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கல், அந்தப் பக்கம் ஒரு கல். இரண்டுக்கும் நடுவே கயிறு பிடித்தால் வீட்டில் முன்பக்கம் எட்டு அடி சாலைக்குப் போகிறது. எட்டு அடி என்றால் முழு முன் அறை. கன்னியம்மா பிளவுஸ் தைப்பது அங்கேதான். வேறு அறையில் மிஷினைப் போட இடமுமில்லை, வாடிக்கை உள்ளே வரவும் மாட்டாது. தலைமுறை தலைமுறையாகக் குனிந்து நாற்று நட்ட குடும்பத்தில், உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் அவள். மழை முடிந்து டிசம்பரில் இடிப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் ஆட்டத்தில் எருமை டீம் ஜெயித்தது. பீரோவை நகர்த்துவதுபோல ஒரு சத்தம், வீடு ஓர் அடி பின்னால் போயிருந்தது. அடுப்பில் இருந்த பால் தளும்பவில்லை. அடுத்து நாலு தோல்வி. மொத்தத்தில் வீடு பழைய இடத்துக்கும் மூன்றடி முன்னால் வந்து நின்றது. மூன்றாவது தோல்வியிலேயே குழாய் பிடுங்கிக்கொண்டது. பிளம்பர் ஹோஸ் பைப் மாட்டிக் கொடுத்து, கொஞ்சம் நீளமாகவே விட்டிருக்கிறேன் என்று சொல்லிப் போனார். வீடு இப்படியே வந்தால் திருப்பத்தில் பஸ் எப்படித் திரும்பும் என்று ஒரு டிரைவர் இறங்கிவந்து கேட்டார். நியாயமான கேள்விதான். எதிர் ஃபிளாட்டில் குடியிருக்கும் ஐடிக்கார ஜஸ்டின்தான் வந்து ஆட்டத்தை விளக்கினான்: நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது, ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர், பத்து கெஜம் தாண்ட மூன்றே வாய்ப்பு, கோட்டைத் தாண்டி உதைத்த பந்தை எதிராளி வெளியே கொண்டுவராமல் உள்ளேயே மாட்டிக்கொண்டால் உதைத்தவனுக்கு ஒரு பாயிண்ட். "இன்னா கஞ்சத்தனமான பாயிண்ட்டுப்பா அது" என்றார் சுப்பராயன்.

ஆடிக் கூழ் ஊற்றிய வாரத்திலிருந்து காற்று திரும்பியது. மீதி பதின்மூன்றில் பதினொன்றை ஜெயித்தார்கள். வீடு பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கொல்லையில் முருங்கை மரம் மட்டும் ஒதுங்கி வழிவிட்டது. நாக்அவுட்டிலும் இரண்டு வெற்றி. இராமகிருஷ்ணன் நாடா பிடித்தார். சரியாக எட்டு அடி. கயிறு வீட்டைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு ஜமீலா தெருவில் எல்லோருக்கும் சேமியா பாயசம் கொடுத்தாள்.

மிச்சம் கோப்பைக்கான இறுதி ஆட்டம். முந்தின நாள் சாயங்காலம் சுப்பராயன் ஏணியோடு வந்தார்.

"ஏணிய எட்த்துகினு எங்கய்யா போற?"

"பொம்மைய எறக்கத்தான். எட்டடி வந்தாச்சி. இனிமே எதுக்கு வம்பு?"

அவர் சொன்னது முழுக்க சரி. ஆனால் மத்தியானம்தான் கவிப்பிரியா போன் செய்திருந்தாள். முப்பத்தொரு வருஷமாகக் கோப்பை வராத ஊர் அது. இல்லத்தில் இருக்கும் கிழவர்கள் கழுத்தில் எல்லாம் பச்சைத் துண்டு சுற்றிவிட்டிருக்கிறாளாம். போன இரண்டு வருஷத்தில் அவள் போனில் சிரித்ததே இல்லை. அன்று சிரித்துச் சிரித்துப் பேசினாள். நம்ம டீம், நம்ம டீம் என்றாள்.

"வேணாம்யா, கிடக்கட்டும்" என்றாள் கன்னியம்மா. "இத்தினி நாளு நம்ம ஊட்ட இழுத்தவங்கோ. கடைசி நாளு பாத்து சட்டைய உருவுனா நல்லாவா கீது? புள்ள அங்க தனியா கீது. அந்த டீமுதான் அதுக்கு சொந்தக்காரங்க மாரி."

"தோத்தா உன் ரூம்புடி."

"தெரியும்யா."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஏணியைப் பிடுங்கிச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய், பாதியில் நின்ற பிளவுஸுக்குக் கொக்கி தைத்தாள். இரண்டு கொக்கியைத் தலைகீழாகத் தைத்துப் பிரித்தாள்.

திங்கட்கிழமை காலை தெருவே ஜஸ்டினின் லேப்டாப்பைச் சுற்றி நின்றது. கடைசி நிமிஷம்வரை சமம். எதிரணிக்காரன் ஓங்கி உதைத்தான். பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது. எருமை டீம் ஆள் அதை எடுத்துக்கொண்டு வெளியே வரப் பார்த்தான், இரண்டு தடியன்கள் காலைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு பாயிண்ட். தோற்றுப்போனார்கள். பீரோ நகரும் சத்தம் கேட்டது. இராமகிருஷ்ணன் போய் நாடா பிடித்தார், ஏழு அடி.

கவிப்பிரியா போனில் அழுதாள். ஆட்டத்துக்காகவா அறைக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. "அழாத கண்ணு. ஒரு அடிதான போச்சி" என்றாள் கன்னியம்மா. "நல்லாத்தான் ஆட்னாங்க. அந்தப் பையன் காலுக்கு இன்னா ஆச்சி, அடியா?"

டிசம்பரில் இடிக்கும் மிஷின் வந்து ஓர் அடியை வெட்டிக்கொண்டு போனது. முன்சுவர் போன இடத்தில் ஷட்டர் போட்டார்கள். ஏழடி அறையில் தையல் மிஷின் தாராளமாக நிற்கிறது. சாலை நேரே தெரிவதால் வாடிக்கை கூடியிருக்கிறது. மாடி அறை முடிந்த பிறகும் பொம்மையை இறக்க யாருக்கும் மனசு வரவில்லை.

இந்த ஜூனில் முதல் ஆட்டத்தை ஜெயித்தார்கள். ஷட்டருக்கும் சாலைக்கும் நடுவே ஓர் அடி கிடைத்தது. அங்கே கன்னியம்மா ஒரு குட்டை பெஞ்சு போட்டாள், அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்கார. அணி தோற்ற வாரங்களில் பெஞ்சை உள்ளே எடுத்துவிடுகிறார்கள். வந்தவர்கள் நின்றுகொண்டு, அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.